ஆன் ஆகாத பழைய கம்ப்யூட்டரைப் பழுது பார்ப்பது எப்படி: வடசென்னை வீடுகளுக்கான முழு வழிகாட்டி

தம்புச் செட்டி தெருவில் ஒரு கிளியரிங் ஆபீஸைக் காலி செய்யும்போதோ, ஆண்டர்சன் தெருப் பக்கம் ஒரு அச்சகத்தை மூடும்போதோ, சித்தப்பா வீட்டுப் பரணை ஒழிக்கும்போதோ ஒரு 286, 386 அல்லது 486 கம்ப்யூட்டர் கைக்கு வரும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பலரும் செய்கிற முதல் வேலை, பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டுப் பார்ப்பதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இருபது முப்பது வருஷமாகக் கரண்டே பார்க்காத மிஷினில் பல நேரம் கெட்டிருப்பது ஒரே ஒரு கண்டென்சராக (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்) இருக்கும். அதைக் கவனிக்காமல் 230 வோல்ட் கொடுத்தால், நன்றாக இருக்கும் நாலு பாகத்தையும் அது சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

இந்த வழிகாட்டியின் வரிசை இதுதான்: முதலில் கண், அப்புறம் மீட்டர், கடைசியில் கரண்ட். சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டில் தொடங்கி, எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை பெட்டி) வழியாக மதர்போர்டுக்குப் போகிறோம். ஒரு கட்டத்துக்குப் பதில் கிடைக்காமல் அடுத்ததற்குத் தாவ வேண்டாம்.

நான் இங்கே பேசுவது ஏடி வகை மிஷின்களைப் பற்றி. ஐபிஎம் 1984இல் பிசி ஏடியை வெளியிட்டது. அதே அமைப்பில் தைவான் போர்டுகளை வைத்து அசெம்பிள் செய்தவைதான் இங்கே ஆபீஸ்களிலும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளிலும் நிறைந்திருந்தன. 1995இல் ஏடிஎக்ஸ் என்ற புது அமைப்பு வந்த பிறகு இவை மெல்ல மறைந்தன. 1984இல் மத்திய அரசின் கிளாஸ் (CLASS) என்ற கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் உங்களிடம் இருந்தாலும் இதே முறை செல்லும். அதன் வயர்கள் மட்டும் வேறு.

இந்த ஊர்க் காற்று செய்யும் வேலை

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டியே நம் பகுதி நீண்டு கிடக்கிறது. உப்பும் ஈரமும் கலந்த காற்று செம்பையும் தகரத்தையும் சும்மா விடாது. வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் கண்டென்சரையே முதல் குற்றவாளியாகச் சொல்வார்கள். நம் பகுதியில் அதற்குச் சமமாக நான் வைப்பது களிம்பு ஏறிய இணைப்புகளை. சுவிட்சின் உள் தகடு, ஃபியூஸ் பிடிக்கும் கிளிப், ராம் சாக்கெட், ஸ்லாட்டின் பற்கள் எல்லாம் கறுத்தோ பச்சை பூத்தோ இருக்கும். பாகம் எதுவும் கெட்டிருக்காது, கரண்ட் மட்டும் கடக்காது. ஆகையால் ஒன்றைக் கெட்டது என்று தூக்கிப் போடும் முன் அதன் இணைப்பைத் துடைத்துப் பாருங்கள்.

2015 டிசம்பரிலோ, 2023 மிக்ஜாம் புயலிலோ வெள்ளத்தில் மூழ்கிய மிஷின் என்றால் கணக்கே வேறு. போர்டையும் கார்டுகளையும் கழற்றி, சேறு போக நல்ல தண்ணீரில் மெல்லிய பிரஷால் கழுவி, கடைசியாக டிஸ்டில்ட் வாட்டரில் அலசி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தெளித்து, நிழலில் ஃபேன் காற்றில் சில நாள் காய வையுங்கள். எர்ணாவூர் பக்கம் மிக்ஜாம் சமயத்தில் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்த வீடுகளில் இருந்தவற்றை முதலில் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுத்தான் தண்ணீருக்குப் போக வேண்டும். மூழ்கிய எஸ்எம்பிஎஸ்ஸைக் காப்பாற்ற முயல வேண்டாம் என்பது என் கருத்து. டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுக்குள் போன ஈரம் முழுதாகக் காய்ந்ததா என்று வெளியிலிருந்து சொல்லவே முடியாது.

உயிர் விஷயம் முதலில்

எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் இரண்டு பெரிய கண்டென்சர்கள் இருக்கும். 230 வோல்ட் ஏசி, டிசியாக மாறும்போது சுமார் 325 வோல்ட் ஆகி இவை இரண்டிலும் சேர்த்துத் தங்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே நிற்கலாம். தானாக வடிவதற்கு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள், ஆனால் அந்த ரெசிஸ்டரே உள்ளே அறுந்து ஓபன் ஆகியிருந்தால் வடியாது. 2.2 கிலோ ஓம்ஸ், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு கால்களுக்கும் ஸ்லீவ் போட்டு, ஒவ்வொரு கண்டென்சரின் இரு முனைகளிலும் ஐந்து நொடி வைத்து எடுங்கள். அப்புறம் மீட்டரை டிசி 600 வோல்ட் ரேஞ்சில் வைத்து, ஐந்து வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்க விடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. ஏடி கேபினெட்டின் முன்பக்க பவர் சுவிட்சில் ஓடுவது நேரடி 230 வோல்ட். இப்போதைய கம்ப்யூட்டரில் இருப்பது போன்ற சின்ன சிக்னல் பட்டன் கிடையாது. கேபினெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தச் சுவிட்சின் பின்பக்கத்தைத் தொட்டால் கதை முடிந்தது.

காலில் செருப்பு இருக்கட்டும், தரை காய்ந்திருக்கட்டும், வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள். கரண்ட் வேலையில் முன்பழக்கம் இல்லாதவர்கள் எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காமல், அதை மட்டும் ஒரு டிவி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம். பழைய மானிட்டரை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். கலர் பிக்சர் டியூபில் இருப்பது இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல்.

என்னென்ன வேண்டும்

டையோடு சோதனையும் பீப் சத்தமும் உள்ள டிஜிட்டல் மல்டிமீட்டர், சால்டரிங் அயன், ஈயம், ஈயம் உறிஞ்சும் பம்ப், 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால், பென்சில் அழிக்கும் ரப்பர். இவை எல்லாம் ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைக்கும், ரப்பர் மட்டும் பெட்டிக்கடையில். மருந்துக் கடை ஸ்பிரிட் வேண்டாம், அதில் தண்ணீர் அதிகம்.

அப்புறம் சீரிஸ் லேம்ப். ஒரு பலகையில் ஹோல்டர், அதில் 100 வாட் குண்டு பல்பு, பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்ட். மிஷினுக்குப் போகும் பேஸ் வயர் அந்தப் பல்பின் வழியாகத்தான் போக வேண்டும். எல்ஈடி பல்பு இதற்கு உதவாது, இழை உள்ள பழைய பல்பே வேண்டும். மிஷினில் ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், கரண்ட் அதற்கு மேல் ஏறாது, எதுவும் வெடிக்காது. தண்டையார்பேட்டையில் நெடுநாள் டிவி ரிப்பேர் செய்த அண்ணன் ஒருவர் கற்றுக்கொள்ள வருகிற பையன்களிடம் சொல்வார்: "தம்பி, செட்டப் பாக்காத, பல்பப் பாரு. செட்டு பொய் சொல்லும்." கம்ப்யூட்டருக்கும் இது அப்படியே பொருந்தும்.

கடைசியாக, இரண்டு மூன்று 12 வோல்ட் 21 வாட் பிரேக் லைட் பல்புகள். எந்த டூவீலர் ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

முதல் கட்டம்: திறந்து பார்ப்பது

மூடியைக் கழற்றி, எதையும் தொடும் முன் போனில் நாலா பக்கமும் போட்டோ எடுங்கள். முன்பக்க சுவிட்சுக்குப் போகும் நாலு வயர்களை நெருக்கமாக எடுங்கள். பெரும்பாலும் பழுப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை. இவற்றை மாற்றிச் செருகினால் சுவிட்சைப் போட்ட நொடியில் பேஸும் நியூட்ரலும் ஒன்றோடொன்று மோதும்.

மதர்போர்டில் கீபோர்டு சாக்கெட்டுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் நீல நிறத்தில் ஓர் உருளை பேட்டரி இருக்கும். 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம். அதன் இரு முனைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பொடியோ பச்சைத் திட்டோ தெரிந்தால் பேட்டரி கக்கியிருக்கிறது. அந்தக் காரம் போர்டின் பச்சைப் பூச்சுக்கு அடியில் புகுந்து, செம்புக் கோடுகளைக் கறுப்பாக்கி, பக்கத்து ஐசி கால்கள் வரை போகும். கக்கியிருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பேட்டரியை இன்றே வெட்டி எடுத்துவிடுங்கள். இன்னும் கக்காத பேட்டரி நாளைக்குக் கக்கும்.

கக்கிய இடத்தில் சாதாரண வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டுத் தடவுங்கள். நுரை அடங்கியதும் டிஸ்டில்ட் வாட்டர், அப்புறம் ஆல்கஹால். காய்ந்த பிறகு அந்தப் பகுதியில் ஓடும் ஒவ்வொரு கோட்டையும் மீட்டரின் பீப் சத்தத்தில் இரு முனையும் வைத்துப் பாருங்கள். அறுந்த கோட்டுக்கு மெல்லிய எனாமல் வயரால் பாலம் போடலாம். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் கை நடுங்காமல் சால்டர் செய்யத் தெரிந்த யாராலும் முடியும்.

எலிப் புழுக்கை, கரப்பான் முட்டை, கடித்த வயர், புகை படிந்த இடம், கழன்று உருளும் ஸ்க்ரூ எல்லாவற்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். போர்டுக்கு அடியில் மாட்டிக்கொண்ட ஒரு ஸ்க்ரூ போதும், மிஷின் ஆன் ஆகாது. சாக்கெட்டில் இருக்கும் ஐசிக்கள் வெயிலுக்கும் குளிருக்கும் விரிந்து சுருங்கி மெல்ல மேலே எழும்பியிருக்கும். ஒவ்வொன்றையும் விரலால் நேராக அழுத்திவிடுங்கள்.

இரண்டாம் கட்டம்: சுவரிலிருந்து ஃபியூஸ் வரை

பிளக் பாயிண்டை முதலில் அளந்து பாருங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட் சுற்றி வர வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவேயும் கிட்டத்தட்ட அதுவே. பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வீடுகளில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. அப்படிப்பட்ட வீட்டில் கேபினெட்டைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கண்டென்சர்கள் எர்த் இல்லாதபோது பாதி வோல்ட்டேஜைத் தகரத்தில் ஏற்றிவிடுவதால் வருவது அது. மிஷினைக் குறை சொல்லாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி செய்யுங்கள்.

அடுத்து எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கம் சிவப்பு நிறத்தில் 115, 230 என்று தள்ளும் சுவிட்ச். 230 தெரிய வேண்டும். 115இல் வைத்து இங்கே கரண்ட் கொடுத்தால் உள்ளே வோல்ட்டேஜ் இரட்டிப்பாகி அந்தப் பெரிய கண்டென்சர்கள் வெடிக்கும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் கார்டின் மூன்று வயர்களையும் பீப் சத்தத்தில் பாருங்கள். பிறகு முன்பக்க சுவிட்ச்: அழுத்தினால் இரண்டு ஜோடியும் இணைய வேண்டும், விட்டால் இரண்டும் விலக வேண்டும். மீட்டர் சில ஓம்ஸ் காட்டி ஆடினால் உள்ளே தகடு அரித்திருக்கிறது. நம் கடலோரத்தில் எந்த அசைவும் இல்லாத மிஷின் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்தச் சுவிட்சைத்தான். அதே அளவில் 250 வோல்ட் தாங்கும் புது சுவிட்ச் போடுங்கள், வயர்களைப் போட்டோவில் இருந்தபடியே மாட்டுங்கள்.

மூன்றாம் கட்டம்: எஸ்எம்பிஎஸ்

எஸ்எம்பிஎஸ்ஸைக் கேபினெட்டிலிருந்து கழற்றி, மதர்போர்டு, டிஸ்க், ஃபிளாப்பி எல்லா இணைப்புகளையும் விடுவித்து, கண்டென்சர்களை வடித்துவிட்டு, மூடியைத் திறங்கள்.

கண்ணாடி ஃபியூஸை உற்றுப் பாருங்கள். கம்பி நடுவில் மட்டும் மெல்லிசாக அறுந்து, கண்ணாடி தெளிவாக இருந்தால் அது வயசான ஃபியூஸாக இருக்கலாம், அல்லது ஏதோ ஒரு வோல்ட்டேஜ் ஏற்றத்தில் போயிருக்கலாம். கண்ணாடி உள்பக்கம் கறுத்தோ வெள்ளி பூசியது போலவோ இருந்தால் பின்னால் முழு ஷார்ட் இருக்கிறது. புது ஃபியூஸ் போட்டாலும் உடனே போகும். மெல்லிய கம்பியைச் சுற்றி ஓட்டுவது வேண்டவே வேண்டாம், அது வீட்டைக் கொளுத்தும்.

கறுத்த ஃபியூஸ் என்றால் மீட்டரை டையோடு நிலையில் வைத்து மூன்று இடம் பார்க்க வேண்டும். நாலு டையோடு கொண்ட பிரிட்ஜ்: ஒவ்வொன்றும் ஒரு திசையில் 0.5 வோல்ட் அளவுக்குக் காட்டி, மறு திசையில் ஓபன் ஆக வேண்டும். ஹீட்சிங்க்கில் (சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடு) திருகிய இரண்டு பவர் டிரான்சிஸ்டர்கள், பெரும்பாலும் 13007 என்று எழுதியிருக்கும்: கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே ஷார்ட் இருக்கக் கூடாது. ஒன்று போயிருந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், கூடவே அவற்றின் பேஸ் (base) கால் பக்கம் இருக்கும் சின்ன ரெசிஸ்டர்களையும் அளந்துவிடுங்கள். மூன்றாவது அந்த இரண்டு பெரிய கண்டென்சர்கள். தலை உப்பியிருந்தால் பேச்சே இல்லை.

ஃபியூஸ் நன்றாக இருந்தும் சத்தமே இல்லாத எஸ்எம்பிஎஸ்தான் ஆளைக் குழப்பும். டிஎல்494 ஐசி வைத்த இந்த வகையில், முதல் துடிப்பைக் கொடுக்க 330 கிலோ ஓம்ஸ் அளவில் இரண்டு ரெசிஸ்டர்கள் இருக்கும். வருஷக்கணக்கில் உயர் வோல்ட்டேஜைத் தாங்கி இவை ஓபன் ஆகிவிடும். பவர் டிரான்சிஸ்டர்களுக்குப் பக்கத்திலேயே 1 முதல் 10 மைக்ரோஃபாரட் வரை, 50 வோல்ட்டில் இரண்டு குட்டி எலக்ட்ரோலைடிக் கண்டென்சர்கள் இருக்கும். ஹீட்சிங்க் சூட்டில் இவை காய்ந்துபோகும். வெளியே உப்பலும் தெரியாது, கசிவும் தெரியாது. விலை சில ரூபாய். இந்த நாலு பாகத்தையும் அளந்து பார்க்காமல் எஸ்எம்பிஎஸ் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். புதுக் கண்டென்சர் 105 டிகிரி தாங்கும் வகையாக இருக்கட்டும், துருவம் மாறாமல் போடுங்கள்.

வெளிநாட்டுத் தயாரிப்பு எஸ்எம்பிஎஸ் என்றால், மெயின்ஸ் நுழையும் இடத்தில் தேன் நிறத்தில், கண்ணாடி போன்ற உறையோடு ஒரு சதுரக் கண்டென்சர் இருக்கிறதா என்று பாருங்கள். ரீஃபா என்ற பெயர் பதித்திருக்கும். பிபிசி மைக்ரோவில் இது பிரசித்தம். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் உறையில் முடி போன்ற விரிசல்கள் தெரியும். உள்ளே காகிதம், விரிசல் வழியாக ஈரம் இறங்கி, கரண்ட் வந்த சில நிமிஷத்தில் வீடு முழுக்கக் காரமான புகை. அதே மதிப்பில் 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 என்று எழுதிய பிளாஸ்டிக் ஃபிலிம் கண்டென்சர் போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது.

நான்காம் கட்டம்: லோடு கொடுத்து ஓட்டிப் பார்ப்பது

அந்தக் காலத்து எஸ்எம்பிஎஸ் லோடு (கரண்ட் இழுக்கும் சுமை) இல்லாமல் ஓடாது, ஓடினாலும் வோல்ட்டேஜ் தாறுமாறாக இருக்கும். ஹார்ட் டிஸ்க் இல்லாமல் விற்ற ஏடி மிஷின்களில் ஐபிஎம் நிறுவனமே 5 ஓம்ஸ், 50 வாட் ரெசிஸ்டர் ஒன்றை லோடாக வைத்து அனுப்பியது. நமக்கு அந்த பிரேக் லைட் பல்புகள் போதும். டிஸ்க் கனெக்டரின் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே இரண்டு பல்புகளைப் பக்கம்பக்கமாக (பாரலலாக) இணையுங்கள். 5 வோல்ட்டில் ஒவ்வொன்றும் சுமார் ஒரு ஆம்பியர் இழுக்கும். மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே ஒரு பல்பு.

மூடியைப் போட்டுவிட்டு, சீரிஸ் லேம்ப் வழியாக ஆன் செய்யுங்கள். குண்டு பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்ல சகுனம், பெரிய கண்டென்சர்கள் நிரம்பியதன் அடையாளம் அது. முழு வெளிச்சத்திலேயே நின்றால் உடனே அணைத்துவிட்டு மூன்றாம் கட்டத்துக்குத் திரும்புங்கள். மங்குவதும் பிரகாசிப்பதுமாகத் துடித்துக்கொண்டிருந்தால், பல்பு கரண்டைத் தடுப்பதால் எஸ்எம்பிஎஸ் திணறுகிறது என்றும் இருக்கலாம். பிரேக் லைட்டில் ஒன்றிரண்டைக் கழற்றிப் பார்த்து, மங்கியே நின்றால் சீரிஸ் லேம்பை விலக்கி நேரடியாகக் கொடுக்கலாம்.

இப்போது அளவுகள். சிவப்பு 4.75 முதல் 5.25 வோல்ட். மஞ்சள் 11.4 முதல் 12.6. நீலம் மைனஸ் 12, வெள்ளை மைனஸ் 5, இவை பத்து சதவீதம் முன்பின் இருக்கலாம். ஆரஞ்சு வயர்தான் பவர் குட் சிக்னல், வோல்ட்டேஜ் எல்லாம் சரி என்று போர்டுக்குச் சொல்வது இதுதான். ஆன் செய்து அரை நொடிக்குள் அது 5 வோல்ட்டுக்கு ஏற வேண்டும். மற்ற எல்லாம் சரியாக இருந்து ஆரஞ்சு மட்டும் ஏறாவிட்டால், மதர்போர்டு ரீசெட்டிலேயே நின்றுகொண்டிருக்கும். ஃபேன் சுற்றும், திரை இருட்டாகவே இருக்கும். நல்ல போர்டைக் கெட்டது என்று ஒதுக்குவது இங்கேதான் அதிகம் நடக்கிறது.

ஃபேன் ஒரு துடிப்புத் துடித்து நின்றால், அல்லது டிக் டிக் என்று சத்தம் வந்தால், வெளிவரும் பக்கத்து டையோடுகளில் ஏதோ ஷார்ட். கரண்டை நிறுத்தி, வடித்துவிட்டு அவற்றை அளந்து பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ் தேறவே தேறாது என்றால் ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் ஒன்றை அடாப்டர் வழியாக மாட்டலாம். புதியவற்றில் மைனஸ் 5 வோல்ட் இருக்காது, சில பழைய கார்டுகளைத் தவிர வேறெதற்கும் அது தேவைப்படாது.

ஐந்தாம் கட்டம்: மதர்போர்டில் ஷார்ட் தேடுவது

கரண்ட் இல்லாமல், எல்லா கார்டுகளையும் கழற்றிவிட்டு, போர்டின் பவர் கனெக்டரில் ஒவ்வொரு வோல்ட்டேஜ் காலுக்கும் கிரவுண்டுக்கும் (கறுப்பு வயர் வரும் கால்) நடுவே ஓம்ஸ் அளந்து பாருங்கள். 5 வோல்ட் கால் சில பத்து ஓம்ஸ் காட்டினால் பயமில்லை. 1 ஓமுக்குக் கீழே என்றால் ஷார்ட். 12, மைனஸ் 12, மைனஸ் 5 கால்கள் இதை விட நிறையக் காட்ட வேண்டும்.

அந்தக் காலத்துப் போர்டுகளில் ஷார்ட்டுக்குப் பெரும் காரணம் டாண்டலம் கண்டென்சர். மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக, மஞ்சளாகவோ நீலமாகவோ, ஸ்லாட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். காசிமேட்டில் ஒரு வீட்டில் பார்த்த 386 மிஷின் இதற்குச் சரியான உதாரணம். துறைமுகத்துக்குப் பக்கத்து ஆபீஸ் ஒன்றிலிருந்து வந்தது. பல்பு லோடில் எஸ்எம்பிஎஸ் அருமையாக ஓடியது. போர்டை மாட்டினால் ஃபேன் கால் சுற்று சுற்றி நின்றுவிடும். 5 வோல்ட் கால் சரி, 12 வோல்ட் கால் 0.4 ஓம்ஸ். கண்ணுக்கு எல்லாம் புதுசு போலவே இருந்தது. கீபோர்டு பக்கத்திலிருந்து மூன்றாவது ஸ்லாட்டின் முனையில் இருந்த ஒரு மஞ்சள் டாண்டலத்தின் அடியில் மட்டும், பூதக்கண்ணாடியில் பார்த்தால், ஊசிமுனை அளவுக்குக் கருப்புப் புள்ளி. அதன் ஒரு காலை ஈயம் உருக்கித் தூக்கியதும் மீட்டர் கிலோ ஓம்ஸுக்குத் தாவியது.

கரும்புள்ளி எதுவும் தெரியாவிட்டால், மீட்டர் கம்பிகளை ஒவ்வொரு டாண்டலத்தின் கால்களிலும் வைத்து மிகக் குறைவான ஓம்ஸ் எங்கே என்று தேடுங்கள். ஷார்ட்டுக்கு நெருங்க நெருங்க எண் இறங்கும். கரண்ட் அளவைக் கட்டுப்படுத்தும் பெஞ்ச் பவர் சப்ளை கிடைத்தால், 1 வோல்ட், 2 ஆம்பியரில் வைத்து ஷார்ட் ஆன அந்த வோல்ட்டேஜ் வரியில் கொடுத்து, போர்டில் ஆல்கஹாலைத் தடவுங்கள். சூடாகும் கண்டென்சர் மேல் அது முதலில் காய்ந்துபோகும்.

புதுசு போடும்போது மிக முக்கியமான ஒன்று. டாண்டலத்தில் கோடு போட்ட கால் பிளஸ். சாதாரண எலக்ட்ரோலைடிக்கில் கோடு போட்ட கால் மைனஸ். மாற்றிப் போட்டால் முகத்துக்கு நேரே வெடிக்கும். 12 வோல்ட் வரிக்கு 25 வோல்ட் தாங்கும் வகையே போடுங்கள், பழையது 16 வோல்ட்டாக இருந்தாலும் சரி.

ஆறாம் கட்டம்: போர்டுக்குக் கரண்ட்

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் இரண்டு ஆறு-கால் கனெக்டர்களை மாட்டும்போது கறுப்பு வயர்கள் நடுவில் பக்கம்பக்கமாக வர வேண்டும். கறுப்புகள் இரண்டு ஓரங்களுக்குப் போனால் போர்டு எரியும். செருகிய பிறகும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

பிராசஸர், ராம், ஸ்பீக்கர் மட்டும். வேறு எதுவும் வேண்டாம். 30 கால் சிம் (SIMM) ராம் என்றால் 286, 386எஸ்எக்ஸ் போர்டுக்கு ஒரே மாதிரி இரண்டு, 386டிஎக்ஸ், 486 போர்டுக்கு ஒரே மாதிரி நாலு. அவற்றின் தகட்டுக் கால்களை அழிப்பான் ரப்பரால் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். உப்புக் காற்றில் கிடந்த மிஷின்கள் இந்த ஒரு வேலையிலேயே எழுந்துவிடுவது சகஜம்.

ஆன் செய்து காதைக் கொடுங்கள். ஏமி பயாஸில் (பயாஸ் என்பது ஆன் ஆனதும் முதலில் ஓடும் புரோகிராம்) ஒரு பீப் ராம் ரிஃப்ரெஷ் கோளாறு, மூன்று பீப் முதல் 64 கிலோபைட் ராம் கோளாறு, எட்டு பீப் டிஸ்ப்ளே கார்டு. அவார்டு பயாஸில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே. கார்டு இன்னும் மாட்டாததால் டிஸ்ப்ளே பீப் வந்தால் சந்தோஷப்படலாம், போர்டு உயிரோடு இருக்கிறது. டிஸ்ப்ளே கார்டின் பற்களையும் தேய்த்து, வேறு ஸ்லாட்டில் மாட்டி மானிட்டரைப் பாருங்கள்.

பீப்பே இல்லையென்றால் போர்டின் ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் (கார்டுகள் மாட்டும் இடம்) செருகும் போஸ்ட் (POST) கார்டு ஒன்று வாங்குங்கள், ஆன் ஆகும்போது மிஷின் செய்யும் சுய சோதனையைக் காட்டுவது அது. ஒவ்வொரு வோல்ட்டேஜுக்கும் ஒரு விளக்கு, ரீசெட்டுக்கும் கிளாக்குக்கும் ஒரு விளக்கு, இரண்டு இலக்கத்தில் பயாஸ் எங்கே நிற்கிறது என்ற குறியீடு. ரீசெட் விளக்கு அணையவே இல்லையென்றால் பவர் குட் சிக்னலைச் சந்தேகப்படுங்கள். எல்லா விளக்கும் சரி, குறியீடு மட்டும் அசையவில்லை என்றால் பயாஸ் சிப், பிராசஸர், அல்லது பேட்டரி கக்கி அறுத்த கோடு. அந்த வரிசையிலேயே பாருங்கள்.

எழுந்த பிறகு

திரையில் சிமாஸ் (மிஷினின் செட்டிங்குகளை நினைவில் வைக்கும் சிப்) பேட்டரி கோளாறு என்று வரும். பேட்டரியை வெட்டி எடுத்ததால் வருவதுதான், கவலை வேண்டாம். பல போர்டுகளில் வெளி பேட்டரிக்கு நாலு கால் இணைப்பு இருக்கும், அதில் மூன்று ஏஏ பேட்டரி கொண்ட டப்பாவை மாட்டி கேபினெட்டில் ஒட்டிவிடலாம். பழைய பேட்டரி இருந்த இடத்திலேயே காசு பேட்டரி வைப்பதானால் நடுவில் ஒரு டையோடு கட்டாயம். இல்லையென்றால் போர்டு அதைச் சார்ஜ் செய்யப் பார்த்து வெடிக்க வைக்கும்.

அடுத்து, கேம் போட்டுப் பார்க்கும் ஆசையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஹார்ட் டிஸ்க்கைக் காப்பி எடுங்கள். இவ்வளவு வருஷம் நின்றிருந்த டிஸ்க் இன்று சுற்றும், நாளைக்குச் சுற்றும் என்று உறுதி கிடையாது. ஒரே ரிப்பன் கேபிள் போகும் ஐடிஈ டிஸ்க் என்றால் கழற்றி யூஎஸ்பி அடாப்டரில் மாட்டிப் பார்க்கலாம், மிகப் பழையவற்றைச் சில அடாப்டர்கள் ஏற்காது. இரண்டு ரிப்பன் கேபிள் போகும் எம்எஃப்எம் டிஸ்க் அந்த அடாப்டரில் மாட்டவே மாட்டாது, அதே மிஷினில் ஃபிளாப்பி வழியாகத்தான் எடுக்க வேண்டும்.

அச்சகத்து மிஷின் என்றால் தமிழ்க் கோப்புகள் இருக்கும். யூனிகோடுக்கு முந்தைய காலம் அது. ஒவ்வொரு ஃபான்ட்டும் தன் இஷ்டத்துக்கு எழுத்துக்கு இடம் ஒதுக்கியிருந்தது. கோப்பை மட்டும் எடுத்துவந்தால் புதுக் கம்ப்யூட்டரில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். அதனால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம் என்ற ஃபோல்டரைத் திறந்து, டிடிஎஃப் என்று முடியும் ஃபான்ட் கோப்புகள் அத்தனையையும், கூடவே இருக்கும் கீபோர்டு டிரைவரையும் சேர்த்துக் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.